நாற்பது நாள் களிம்பு

வெயிலுமுத்து அண்ணாச்சியின் முன்பல் மூன்றை உடைத்தவள் நான்தான். தாராவியில் யாரைக் கேட்டாலும் கூட்டம் அடித்தது என்பார்கள். கூட்டமும் அடித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அடித்ததெல்லாம் முதுகிலும் விலாவிலும். வாயில் விழுந்த அடி ஒன்றே ஒன்று. அதைப் போட்டது நான். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அதை முடிக்கவிடக் கூடாது என்று அடித்தேன்.

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தவளின் குடத்தை அவள் தலையிலேயே உடைத்திருக்கிறேன். மண்குடமானதால் பிழைத்தாள். சேசம்மா வருகிறாள் என்றால் நாங்கள் குடியிருந்த சால் வரிசை வீடுகளில் வம்பு பேசுகிறவர்கள் பேச்சை மாற்றுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைக் கேட்கக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கோபத்துக்கு ஊர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரெண்டோலை.

எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். எனக்கு ஐம்பத்து நாலாம் வருஷம் இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவதை வாசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். என்னைப் பார்த்தாள். ‘போட்டோவுல இவ்வளவு கறுப்பு தெரியலையே’ என்றாள். அந்த வாரமே அவர்கள் சாமியாரிடம் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவன் திரும்பி வராவிட்டால் நாலு வீட்டுக்குத்தான் தெரியும். இரண்டு ஓலை வாசித்து நின்றுபோனால் ஆண்டாப் ஹில் வரைக்கும் தெரியும். அதன் பிறகு எனக்கு ஓலை எழுத யாரும் வரவில்லை.

என் தங்கை சகாயராணி என்னைவிடப் பதினோரு வயது இளையவள். நிறத்தில் என்னைவிட ஒரு படி மேலேயே கறுப்பு. அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்து நெஞ்சு அடைத்துச் செத்த பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அம்மாவைவிட என்னைத்தான் அதிகம் தேடுவாள். அவளுக்கு ஆபிரகாம் கிடைத்தான். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் நிரந்தர வேலை. குடிக்க மாட்டான். அவளைத் தெருவில் பார்த்து அவனே கேட்டு வந்தான். இப்படி ஒரு வரன் எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் குனிந்து நுழைந்து வந்தது எங்களுக்கே நம்ப முடியவில்லை.

நிச்சயம் பேசிய அன்று ஆபிரகாமின் அம்மா லூர்தம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“பிள்ள குணமாத்தான் இருக்கா. நெறந்தான் கொஞ்சம் மட்டு. தவசு நாள் முடிஞ்சுதான ஓலை வாசிக்கணும்? அதுக்குள்ள கொஞ்சம் தெளியட்டும். நம்ம சனங்க வாய் சும்மா இருக்காது பாத்தியளா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அது சிரிப்பாகக் கேட்கவில்லை. தெளியாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று கேட்டது. அவள் அப்படி நினைத்தாளா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது அதுதான்.

தவசு காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, ஓலையும் கிடையாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள். ஊரே இறைச்சியை விட்டுவிட்டு முழங்காலில் நிற்கிற அந்த நாற்பது நாளை நான் வேறு கணக்கில் பார்த்தேன். அத்தனை நாள் கையில் இருக்கிறது, நிறத்தை மாற்றிவிடலாம்.

ஏனென்றால் நான் வேலை பார்த்ததே முகம் வெளுக்கிற களிம்பு செய்கிற இடத்தில்தான். வெயிலுமுத்து அண்ணாச்சி முன்னே ஏதோ டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தவர். அதை விட்டுவிட்டு, எங்கள் சாலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ‘நிலவழகி ஸ்னோ’ என்று ஒன்றைச் செய்து விற்றார். மெழுகும் எண்ணெயும் காய்ச்சி, பன்னீர் ஊற்றி, கடைசியில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்குவது. மஸ்ஜித் பந்தர் மொத்தக் கடையில் வாங்கி வரும் பொடி. அதை மட்டும் பழுப்பு நிற பாட்டிலில் உயரத்தில் வைத்திருப்பார். அரைப்பதும் கலப்பதும் டப்பாவில் அடைப்பதும் என் வேலை. அவர் மனைவி பேராச்சி லேபிள் ஒட்டுவாள்.

“ஒரு படி களிம்புக்கு ஒரு கரண்டி. கரண்டியத் தலை தட்டிப் போடணும். இது கூடிச்சுன்னா தோல உரிச்சுப்போடும் தாயி,” என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அவரை நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொடி என்ன சாமான் என்று தெரிந்தேதான் விற்றார். ஒரு கரண்டியே அதிகம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஆனால் அந்த ஒரு கரண்டியை அவர் ஒரு நாளும் தாண்டியதில்லை.

நான் தாண்டினேன். சாம்பல் புதனன்று, நெற்றியில் சாமியார் இட்ட சாம்பலோடு, கொட்டகையிலிருந்து ஒரு டப்பா களிம்பும் ஒரு காகிதப் பொட்டலத்தில் பொடியும் எடுத்து வந்தேன். ஒரு படிக்குப் போடுகிற பொடியை அந்தச் சின்ன டப்பாவிலேயே போட்டுக் குழைத்தேன். ஒரு கரண்டிக்கு ஆறு மாதத்தில் தெளியும் என்றால் இவ்வளவுக்கு நாற்பது நாளில் தெளியும். இதுதான் என் அறிவு.

முதல் வாரம் சகாயராணி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் ஆசைதான். இரண்டாவது வாரம் கன்னத்தில் தோல் உரிந்தது. கழுத்தெல்லாம் சிவந்து நின்றது.

“எரியுதுக்கா. இன்னைக்கு வேண்டாம்.”

“எரிஞ்சாத்தான் வெளுக்கும். உக்காரு.”

“மொளகா அரைச்சுப் பூசுனாப்ல இருக்கு. நாளைக்குப் பூசுதேன், சத்தியமா.”

“நாளைக்கு நாளைக்குன்னு தள்ளித்தான் நான் இங்கன ரெண்டோலையா நிக்கேன். உக்காருட்டி.”

எழுந்து ஓடப் பார்த்தாள். கோலியில் எங்கே ஓடுவது? பத்தடிக்குப் பத்தடி. சடையைப் பிடித்து இழுத்தேன். தரையில் விழுந்தாள். மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் என் முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு பூசினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தாள். பளாரென்று ஒன்று வைத்தேன். உரிந்திருந்த கன்னத்தில்தான் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கோலியில் சுவரைத் தட்டினார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘பூசிக்கிட்டா என்னட்டி, உன் நல்லதுக்குத்தான செய்யுதா’ என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். சாயங்காலம் அடி, பிறகு களிம்பு. ஒரு நாள் அவள் டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டாள். அன்றைக்கு அவளைத் தோசைக் கரண்டியால் அடித்தேன். தொடையில் வரி வரியாக நின்றது. மறுநாளே புது டப்பா குழைத்துக் கொண்டுவந்தேன். இந்த முறை இன்னும் கொஞ்சம் பொடி கூட. வீணாய்ப்போன நாளை ஈடுகட்ட வேண்டும் அல்லவா.

வெளுத்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன். பொய்யில்லை, ஐந்தாவது வாரத்தில் முகம் வெளுத்து, கோதுமை மாவு நிறத்துக்கு வந்தது. குழாயடியில் பெண்கள் நின்று பார்த்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சேசு நாதர் பாடுபடுகிற அன்று இப்படிச் சந்தோஷப்பட்டவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஈஸ்டர் கழிந்து முதல் ஓலை வாசித்தார்கள். அந்த வாரம் அவள் முகம் பூரிக்க ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் நிறைந்து, கண் சின்னதாகி, கை கால் எல்லாம் மொழுமொழுவென்று ஆனது. எலும்பும் தோலுமாக இருந்த பெண். எங்கள் சனத்துக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு ஏது? கல்யாணக் களை வந்துவிட்டது என்றார்கள். நிச்சயமான பெண் நிறைவாள் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். லூர்தம்மாளே வந்து பார்த்துவிட்டு, இரண்டு கன்னத்தையும் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

“பாத்தியளா, நம்ம வீட்டுச் சோறு திங்கதுக்கு முன்னாலேயே சதை பிடிச்சிட்டா,” என்று எல்லாரிடமும் சொன்னாள். அவள் கிள்ளிய இடத்தில் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, என்ன சொல்லட்டும், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

“வாயில செப்புக் காச ஒதுக்கி வச்சாப்ல இருக்குக்கா,” என்றாள் சகாயராணி. கல்யாணப் பெண்ணுக்கு வாய் கசக்கும் என்றேன். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கரியை நன்றாகப் பொடித்துத் தேய் என்றேன். டீ கிளாஸைப் பிடித்தால் கை ஆடி டீ சிந்தியது. வெட்கம் என்று லூர்தம்மாள் சிரித்தாள். மூத்திரம் நுரைத்துக்கொண்டு போகிறது என்று என் காதில் ரகசியமாகச் சொன்னாள். அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால் அதட்டினேன்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, முழங்காலில் நின்றவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கண் திறக்கவில்லை. திறக்க முடியாத அளவுக்கு இமை வீங்கியிருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை. அம்மா தொட்ட இடமெல்லாம் விரல் பதிந்தது. அப்போதுதான் அம்மா முதல்முதலாக அலறினாள். டாக்சி பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சுந்தரராமன் என்று ஒருவர், மாட்டுங்காக்காரர். ஒல்லியான மனுஷன். அவள் ஈறைத் திறந்து பார்த்தார். பல்லோரத்தில் மை தீட்டியது போல் ஒரு கோடு ஓடியது.

“முகத்துல என்ன பூசிண்டிருந்தா இவ?”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஸ்னோ, ரெண்டு மாசமா,” என்றேன்.

“அந்த டப்பா வேணும். உடனே கொண்டுவாங்கோ.”

வீட்டுக்கு ஓடினேன். பூசின டப்பா அலமாரியில் பாதி இருந்தது. அதை எடுக்கவில்லை. கொட்டகையில் அடைத்த புது டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இதேதானா?”

“இதேதான் சார்.”

விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

“இந்த மாதிரி எழவையெல்லாம் பாத்திருக்கேன். இதுல பாதரச உப்பு கலப்பா. ஆனா வருஷக்கணக்காப் பூசினவாளுக்குத்தான் இப்படி ஆறது. நீங்க ரெண்டு மாசம்கறேள். தொண்டைப் புண் வந்து கிட்னி கெட்டாலும் இப்படி வீங்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாதரசம்தான்னா அதை வெளியில தள்ள ஒரு ஊசி இருக்கு. ஆனா மூத்திரம் போகாத உடம்புக்கு அந்த ஊசியே ஆபத்து. சந்தேகத்துக்கெல்லாம் குத்த முடியாது. இதைச் செய்யறவன் இருக்கானே, அவன்ட்ட போய் எவ்வளவு போடறான்னு கேட்டுண்டு வாங்கோ. ராத்திரிக்குள்ள தெரியணும்.”

ஒரு கேள்வி. பதில் என்னிடம்தான் இருந்தது. அந்த வார்டில், அவர் எதிரில், என் நாக்கில் இருந்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் செய்ததை நினைத்தால் எனக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் வருகிறது. கொட்டகைக்குத் தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். பொடி குறைகிறது என்று ஒரு மாதமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர். அதனால் தோல் கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்று, மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். வெயிலுமுத்து என் தங்கச்சிக்கு விஷம் வைத்துவிட்டான், அவள் சாகப்போகிறாள் என்று. தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தேன். கண்ணீரும் உண்மைதான். அதுதான் கேவலம், அந்தக் கண்ணீர் உண்மைதான்.

கூட வந்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. ஆபிரகாமும் ஒர்க்ஷாப் உடுப்போடு வந்தான். கொட்டகைத் தகரத்தைப் பெயர்த்து எறிந்தார்கள். காய்ச்சிக்கொண்டிருந்த அண்டாவை உதைத்தார்கள். சூடான மெழுகு வெயிலுமுத்துவின் காலில் கொட்டியது. அவர் துள்ளி எழுவதற்குள் ஒருத்தன் கழுத்தைப் பிடித்தான், ஒருத்தன் வேட்டியை உருவினான். கீழே தள்ளி மிதித்தார்கள். தோலில் வேலை செய்கிறவர்கள் மிதி. விலா முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. பேராச்சி ஒவ்வொருவன் காலாகப் பிடித்தாள். அவளையும் எட்டித் தள்ளினார்கள். டப்பாக்கள் தெரு முழுக்க உருண்டன. ‘மாரோ சாலே கோ’, அடிங்கடா அவனை என்று யாரோ சம்பந்தமில்லாதவன் கத்திக்கொண்டு உள்ளே நுழைந்து அவனும் இரண்டு போட்டான்.

ஆபிரகாம்தான் எல்லாரையும் விலக்கினான். அவரை உட்காரவைத்துச் சட்டையைப் பிடித்துக் கேட்டான்.

“பொடி எவ்வளவு போட்டீரு? டாக்டருக்குத் தெரியணும். சொல்லும்வே. அவ உயிரு அதுல இருக்கு.”

அவனுக்கு அந்தக் கேள்வி எப்படித் தெரியும்? வரும் வழியில் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்திருக்கிறான்.

வெயிலுமுத்து வாயில் புகுந்த மண்ணைத் துப்பினார். முகத்தைத் தூக்கினார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“ஒரு படிக்கு ஒரு கரண்டி தம்பி. எம்புள்ள மேல ஆணை. அதுல இப்படி ஆவாது. பொடி பாட்டிலு ஒரு மாசமா தானா குறையுது. சேசம்மாட்ட கேளு, அவதான் அத எடுத்து—”

மருந்தரைக்கிற கல்வத்தின் குழவி என் காலடியில் கிடந்தது. குனிந்ததும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. வாயைப் பார்த்து அடித்தேன். பல் உடைந்து உள்ளே போனது. மறுபடியும் ஓங்கினேன். ஆபிரகாம் என் கையைப் பிடித்துவிட்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. தங்கச்சிப் பாசம் என்றார்கள்.

பேராச்சி கத்தவில்லை. புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்ல வந்த வாய ஒடச்சிட்டியே ரெண்டோலை. இனி யாரு போயி டாக்டர்ட்ட சொல்லுவா?” என்றாள்.

ஆபிரகாம் என் கையை விட்டான். என் முகத்தைப் பார்த்தான். குழவியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினான். நான் அவன் பின்னால் ஓடினேன். முந்திப் போக வேண்டும் என்று ஓடினேன். முந்திப் போய் என்ன செய்யப்போகிறேன் என்று ரயில்வே கேட் வரைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே ரயில் வந்து இருவரும் நிற்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவன் உதடு ஆடிக்கொண்டே இருந்தது. ‘காப்பாத்து மாதாவே, காப்பாத்து மாதாவே’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. நிறம் கேட்கவில்லை. அவன் ஒரு நாளும் நிறம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது சகாயராணிக்கு வலிப்பு கண்டிருந்தது. நர்ஸ்கள் இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். கட்டில் சுவரில் மோதி மோதிச் சத்தம் போட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

“கேட்டேளா?” என்றார் டாக்டர்.

“நான்தான் போட்டேன் சார்.”

“என்ன?”

“அந்த டப்பா இல்ல. பூசுனது வேற டப்பா. ஒரு படிக்குப் போடுத பொடிய நான் அந்தச் சின்ன டப்பாவுல போட்டுக் குழைச்சேன். நாற்பது நாளைக்கு மேல. தெனமும். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான் மேல ஏறி உக்காந்து பூசுனேன்.”

அம்மா காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள். முகத்தில், தலையில், காதில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. அடித்துக்கொண்டே என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், வேறு வசவு அவளுக்குக் கிடைக்கவில்லை. என் காதில் வாளி உருட்டியது போல் ஒரு சத்தம் கேட்டது. இன்றைக்கும் அந்தக் காது சரியாகக் கேட்காது.

“அடிக்கறதெல்லாம் வெளியில வச்சுக்கோங்கோ,” என்றார் டாக்டர். என் தோளைப் பிடித்து உலுக்கினார். “எத்தனை நாள், எத்தனை கரண்டி, ஒழுங்காச் சொல்லு.” சொன்னேன். புது டப்பா குழைத்ததையும் பொடி கூட்டியதையும் சொன்னேன். அவர் எழுதவில்லை. அதற்குள் ஊசி எடுக்கச் சொல்லி நர்ஸிடம் கத்தியிருந்தார்.

அந்த ஊசி எண்ணெய் மாதிரி கெட்டியானது. புட்டத்தில் ஆழமாகக் குத்தினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நாள். பிறகு தினமும். நினைவு திரும்பியதும் அவள் போட்ட கூச்சலில் வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் காதைப் பொத்தினார்கள். அவளைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் கிட்டப் போனேன். வீங்கிய கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். ‘இவ வேண்டாம்’ என்றாள். அம்மாவும் ஆபிரகாமும் பிடித்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. லூர்தம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாள். கிட்னி கெட்டவளைக் கட்டிவைக்க மாட்டேன் என்று வாசலிலேயே ஆபிரகாமிடம் சொல்லிவிட்டுப் போனாள். நம் பெண்களைக் கறுப்பு என்று பேசியே கொல்லுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். இதை நான் சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன்.

வெயிலுமுத்துவைப் போலீஸ் வந்து விசாரித்தது. வாயைக் கட்டிக்கொண்டு, யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்தார். தன் சரக்கு வெளியில் வந்துவிடும் என்று பயம். பேராச்சி அவரைக் கூட்டிக்கொண்டு மான்குர்த் பக்கம் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க ஒரு தடவை போனேன். கொதிக்கிற சோற்றுக் கஞ்சியை என் மேல் வீசினாள். தோளில் பட்டது. நியாயம்தான்.

சகாயராணி பிழைத்தாள். எட்டாவது நாள் மூத்திரம் பிரிந்தபோது அம்மா அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். இருபதாவது நாள் வீக்கம் வடிந்தது. முகம் கோதுமை நிறமும் இல்லை, பழைய நிறமும் இல்லை. சாம்பல் பூத்தாற்போல் திட்டுத் திட்டாக இருந்தது. பற்கள் ஆடின. கிட்னி முழுசாகத் திரும்பாது, உப்பில்லாமல் சாப்பிட வேண்டும், பிள்ளை பெறுவது பற்றி இப்போது பேச வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பத்தொன்பது வயது.

அன்றைக்கு அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். இருபது நாளில் முதல்முறையாகக் கூப்பிட்டாள். ஓடிப்போய்க் கிட்ட நின்றேன்.

“ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளுட்டி.”

“எனக்குப் பூசும்போதெல்லாம் வெரலுல துணி சுத்திக்கிட்டுப் பூசுவியே. அது ஏன்?”

இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். டாக்டரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் அந்தப் பொடியை யாரும் வெறுங்கையால் தொட மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாமல் தொட்டு, என் விரல்நுனி பொத்து நகம் கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் முகத்தில் பூசினேன்.

“எங்கை புண்ணாப்போவும்னு,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டு என்று சைகை காட்டினாள். நீட்டினேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலுக்குக் கீழே சதையில் கடித்தாள். ஆடுகிற பல்லோடு, ஈறில் ரத்தம் வரவர, என் எலும்பில் படும்வரைக்கும் கடித்தாள். வார்டில் யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.